மூக்குக் கண்ணாடிக் கடையில் ஞாயிற்றுக்கிழமை

மூக்குக் கண்ணாடிக் கடைக்கு ஆசைப்பட்டு வருபவர் யாரும் இல்லை. ஒன்றில் கண் தெரியாமல் வருவார்கள், இல்லாவிட்டால் கண்ணாடியின் மேல் உட்கார்ந்துவிட்டு வருவார்கள். இரண்டு வகையினருக்கும் கோபம் இருக்கும். அந்தக் கோபத்துக்கு நேர் எதிரே நிற்பது எங்கள் தொழில். எந்தக் கடையிலாவது கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

நான் எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. அப்பா மாவடிப்பள்ளிப் பக்கம் வயல் செய்கிறவர். அரசாங்க வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, அது வரும்வரை கல்முனையில் ஒரு கண்ணாடிக் கடையில் சேர்ந்தேன். நாங்கள் லூத்தரன் சபை. இந்தப் பக்கத்தில் மொத்தமே பன்னிரண்டு குடும்பங்கள். ஒருவர் வராவிட்டாலும் உட்காரும் வாங்கில் இடைவெளி தெரியும். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஆராதனை. அதில் வேதபாடம் வாசிப்பது பத்தாம் வகுப்பிலிருந்து என் பொறுப்பாக இருந்தது. இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளதை வாசியுங்கள்.

நேர்முகப் பரீட்சை

கடை முதலாளியை ஊரில் எல்லோரும் ஹாஜியார் என்றே கூப்பிடுவார்கள். நான் இரண்டு கோப்பு நிறையச் சான்றிதழ் கொண்டு போயிருந்தேன். அவர் ஒன்றையும் திறக்கவில்லை. "கை நடுங்குமா புள்ள?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்று நான் சொல்லும்போதே கோப்பு நடுங்கியது. "சின்னச் சின்ன ஸ்குரூ முடுக்கோணும், அதுக்குத்தான் கேட்டன்" என்றார். பிறகு நிபந்தனைகளைச் சொன்னார். ஆறு மாதம் பார்ப்பார், சரிவந்தால் நிரந்தரம். வெள்ளிக்கிழமை கடை பூட்டு. மற்ற ஆறு நாளும் காலை ஒன்பது மணிக்கு நிற்க வேண்டும்.

அந்த ஆறு நாளில் ஞாயிறும் ஒன்று. எங்கள் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் அது நல்ல வியாபார நாள். டீச்சர்மார், கந்தோர்களில் உத்தியோகம் பார்ப்பவர்கள் எல்லோருக்கும் அன்றுதான் ஓய்வு. 'எனக்கு ஞாயிறு காலை ஆராதனை இருக்கிறது' என்ற வசனம் என் தொண்டை வரை வந்து நின்றது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே அப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேலை கிடைத்ததா என்று கண்ணாலேயே கேட்டுக்கொண்டிருந்தார். நான் வசனத்தை விழுங்கிவிட்டு, கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்துவிட்டு, "ஓம்" என்று சம்மதித்தேன்.

பின் அறையில் லென்ஸ் வெட்டும் ரிஸ்வான் காக்கா (முஸ்லிம் ஊர்களில் அண்ணனுக்கு அதுதான் சொல்) தலையை வெளியே நீட்டிச் சொன்னார்: "டிகிரி முடிச்ச ஆக்கள் ஒரு ஓம் சொல்லுறதுக்கு இவ்வளவு நேரம் எடுக்கிறத இண்டைக்குத்தான் காணுறன்."

சோற்றுக்குள் ஸ்குரூ

பகல் சாப்பாட்டுக்கு முன் தலை குனிந்து ஜெபிப்பது எனக்குப் பழக்கம். புது இடத்தில் அதைச் செய்ய வெட்கமாக இருந்தது. விடவும் மனமில்லை. ஆகவே சாப்பாட்டுப் பார்சலைத் திறந்ததும், மேசைக்குக் கீழே ஏதோ விழுந்ததைத் தேடுவதுபோல் குனிந்து, அப்படியே கண்ணை மூடி நன்றி சொல்லிவிட்டு நிமிர்வேன். நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன். ரிஸ்வான் காக்கா உதவி செய்யும் குணமுள்ளவர். முதல் நாள் அவரும் குனிந்து பார்த்தார். இரண்டாம் நாள் காந்தம் கொண்டு வந்தார். ஒரு கிழமை முடியும்போது கையில் டோர்ச் லைட்டோடு எனக்கு முன்னமே மேசைக்குக் கீழே இருந்தார். அதற்குமேல் என்னால் முடியவில்லை; உண்மையைச் சொன்னேன்.

அவர் டோர்ச்சை அணைத்துவிட்டு, முழங்காலைத் தட்டிக்கொண்டு எழும்பினார். "துஆ கேக்கிறெண்டா சொல்றதுதானே புள்ள, நான் ஏழு நாளா இல்லாத ஸ்குரூவத் தேடுறன்."

உள்ளாலா, வெளியாலா

முதல் மாதம் நான் செய்த தவறு எங்கள் ஊரில் மட்டும்தான் நடக்கும். சாய்ந்தமருதிலிருந்து ஒரு டீச்சர் கண்ணாடி போட வந்தார். முக்காட்டுக்கு மேலாலேயே, காதில் மாட்டும் காம்பை வைத்து அளந்தேன். சரியாகப் பொருந்தியது. முகம் பார்க்கும் கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகப் போனார். மூன்றாம் நாள் திரும்பி வந்தார். வகுப்பில் ஒரு கரைச்சலும் இல்லையாம். வீட்டில் முக்காட்டைக் கழற்றினால் கண்ணாடி மூக்கில் நிற்பதில்லை. கறியைப் பார்க்கக் குனிந்தால் சட்டிக்குள் போகிறதாம். இரண்டு விரல் தடிப்புள்ள துணியையும் சேர்த்து அளந்திருக்கிறேன் என்று அப்போதுதான் விளங்கியது.

அதற்குப் பிறகு ஹாஜியாரிடம் கேட்டு, கடையின் ஒரு மூலையில் முகம் பார்க்கும் கண்ணாடியும் திரைச்சீலையும் போட்டுக்கொண்டோம். பெண்கள் வந்தால் அங்கே கூட்டிக்கொண்டு போய், "உள்ளாலா, வெளியாலா?" என்று கேட்டுவிட்டுத்தான் அளக்கிறேன். அந்தத் திரைக்குப் பின்னால் பெண்கள் என்னோடு கதைத்த கதைகளை எழுத முடியாது. டீச்சர் சொன்னதை மட்டும் எழுதலாம். "இது எனக்குச் செஞ்ச கண்ணாடி இல்ல மகள், என்ட முக்காட்டுக்குச் செஞ்சது."

எந்த வேதம்

பெயரைக் கேட்டதும் "வேதக்காரப் பிள்ளையா?" என்பார்கள், கிறிஸ்தவப் பிள்ளையா என்று அர்த்தம். ஓம் என்றால், கத்தோலிக்கமா, மெதடிஸ்தா என்பார்கள். இரண்டும் இல்லை, லூத்தரன் என்றால் ஒரு அமைதி வரும். அந்த அமைதியை நிரப்பாமல் இருக்க எனக்குத் தெரியாது. ஒருநாள் கண் பரிசோதனைக்குக் காத்திருந்த மீன்பிடிக்காரர் ஒருவர் இப்படிக் கேட்டு மாட்டிக்கொண்டார். சபை எப்படித் தொடங்கியது, எதை நம்புகிறோம் என்று ஒப்புவித்தேன். மனிதன் தன் நற்செயலால் இறைவனிடம் எதையும் சம்பாதிக்க முடியாது, எல்லாம் அவர் இலவசமாகத் தருவது, நாங்கள் கை நீட்டி வாங்குவது மட்டும்தான் என்று முடித்தேன். பல்கலைக்கழகத்தில் ஒரு கட்டுரையையும் நான் இவ்வளவு கோவையாக எழுதியதில்லை.

அவர் ஒரு சொல்லும் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு தான் தெரிவு செய்த பிரேமைக் கையில் எடுத்து, அதில் தொங்கிய விலைச்சீட்டைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்ல மார்க்கம் மகள். இந்தச் சாமானும் அந்தக் கணக்கில வருமா?"

மருதமுனைத் தறிக்காரர்

எங்கள் கடையில் கண் பரிசோதிப்பவர் கிழமைக்கு இரண்டு நாள் வருவார். அவர் எழுதிக் கொடுப்பதைப் பார்த்துக் கண்ணாடி செய்வதும் விற்பதும் எங்கள் வேலை. மருதமுனையில் இடுப்பில் கட்டும் சாரம் நெய்கிற ஒருவர், நூல் மங்கலாகத் தெரிகிறது என்று வந்தார். பரிசோதித்தவர், கண்ணில் ஒரு குறையும் இல்லை, கண்ணாடி தேவையில்லை என்று எழுதினார். தறிக்காரர் விடவில்லை. பஸ் எடுத்து வந்தவர் வெறுங்கையோடு போக மாட்டேன் என்றார். பவர் இல்லாத கண்ணாடியை மாட்டிவிட்டால் திருப்தியோடு போயிருப்பார். ஒரு விற்பனையும் ஆகியிருக்கும். அந்த மாதம் கடையில் சனம் குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் போதகர் அடிக்கடி சொல்வது, ஆராதனை முடிந்து வாசலைத் தாண்டிய பிறகுதான் ஊழியம் தொடங்குகிறது என்று. எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கும்; அதன்படி நடக்க வேண்டிய நேரங்கள்தான் பிடிப்பதில்லை. "தறிக்கு மேல லைட் எங்க இருக்கு?" என்று கேட்டேன். முதுகுக்குப் பின்னால் என்றார். அப்படியென்றால் அவருடைய நிழலே நூலில் விழுகிறது. பல்பை முன்பக்கம் மாற்றிப் பாருங்கள், அதற்குப் பிறகும் மங்கலாக இருந்தால் வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். ஹாஜியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு கிழமை கழித்து தறிக்காரர் திரும்பி வந்தார். கூடவே அவருடைய மனைவி, மாமியார், பக்கத்துத் தறிக்காரர்கள் இரண்டு பேர். அவர்களுக்கு உண்மையாகவே கண்ணில் குறை இருந்தது. உள்ளே வந்ததும் என்னைக் காட்டி அவர்களுக்கு அறிமுகம் செய்தார். "கண்ணாடி கேட்டதுக்கு பல்பக் கழட்டச் சொன்ன புள்ள இதுதான்."

போதகர் வந்தார்

ஞாயிறு ஆராதனைக்கு நான் போகாமல் நான்கு மாதமாகிவிட்டது. போதகர் கேட்டால் 'வேலை' என்று சொல்லும்படி அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தேன். அவர் ஒருநாளும் கேட்கவில்லையாம். கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒவ்வொரு ஞாயிறும் ஒன்பது மணிக்கு பிரேம்களைத் துடைத்து அடுக்கும்போது, இப்போது முதல் பாட்டு, இப்போது பாவ அறிக்கை, இப்போது நான் எழும்பிப் போய் வாசிக்கும் நேரம் என்று மனதுக்குள் ஓடும். வேலையை விட முடியாது. அப்பா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். கேட்கவும் பயம், ஆறு மாதம் முடியவில்லை. நிரந்தரமானதும் கேட்கலாம் என்று எனக்கு நானே தவணை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த நிலையில் ஒரு செவ்வாய்க்கிழமை போதகர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு கடைக்குள் வந்தார். லுஹர் என்கிற நண்பகல் தொழுகைக்கு ஹாஜியார் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். அந்த ஒரு விஷயத்துக்காக மனதுக்குள் நன்றி சொன்னேன். போதகர் கண்ணைப் பரிசோதித்துக்கொண்டு, கறுப்பு பிரேம் ஒன்றைத் தெரிவு செய்துகொண்டு, என் அம்மா சுகமா, அப்பாவின் வயல் எப்படி என்று விசாரித்தார். சேர்ச் பேச்சையே எடுக்கவில்லை. நான் தப்பிவிட்டேன் என்று நினைத்து, எல்லா வாடிக்கையாளரிடமும் கேட்கும் கேள்வியைக் கேட்டேன். "தூரத்துக்கா ஐயா, வாசிக்கவா?"

"வாசிக்க. இப்ப வேதபாடத்தையும் நான்தானே வாசிக்க வேண்டியிருக்கு."

இரண்டு இஸ்மாயில்

செய்து முடித்த கண்ணாடியை ஒரு கடித உறையில் போட்டு, மேலே பெயர் எழுதி வைப்போம். எங்கள் பக்கத்தில் ஒரே பெயர் பலருக்கு இருக்கும். ஆகவே கடை வழக்கப்படி, பெயருக்குக் கீழே ஊரில் அவரைக் கூப்பிடும் பட்டப்பெயரையும் எழுத வேண்டும். எனக்கு அது மனதுக்குச் சரியாகப் படவில்லை. அடுத்தவனுடைய பெயரைக் கெடுக்கக் கூடாது என்று சபையின் திடப்படுத்தல் வகுப்பில் படித்தவள் நான். ஒரு பெரிய மனிதருடைய உறையில் 'பாரை' என்று மீனின் பெயரை எழுதக் கை வரவில்லை. யாருக்கும் சொல்லாமல், மரியாதையாகப் பெயரை மட்டும் எழுதி வந்தேன். சாய்ந்தமருதைச் சேர்ந்த இரண்டு இஸ்மாயில்கள் ஒரே கிழமையில், ஒரே மாதிரியான மண்ணிற பிரேமில் கண்ணாடி செய்யக் கொடுத்தார்கள். இருவரும் வந்து எடுத்துக்கொண்டும் போய்விட்டார்கள். நாலாம் நாள் பதிவுப் புத்தகத்தைச் சரிபார்க்கும்போதுதான், செய்யக் கொடுத்தபோது போட்ட கையெழுத்துகளும் எடுத்தபோது போட்டவையும் இடம் மாறியிருப்பதைக் கண்டேன். ஒருவருடைய கண்ணாடி மற்றவருடைய மூக்கில்.

இருவருக்கும் பவரில் சின்ன வித்தியாசம்தான். ஒருவரும் முறைப்பாடு சொல்லி வரவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது அப்படியே போயிருக்கும். ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்வது லேசு. பன்னிரண்டு குடும்பத்தின் குரலுக்குள் என் குரலும் கலந்துவிடும். ஹாஜியாரின் மேசைக்கு முன்னால் நான் மட்டும்தான் நின்றேன். நடந்ததையும், ஏன் நடந்ததென்பதையும் சொன்னேன். அவர் நெற்றியைத் தடவினார். "போய் ரெண்டு பேரிட்டயும் நீயே சொல்லி மாத்திக் குடுத்திட்டு வா" என்றார்.

சைக்கிளை மிதித்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். இரண்டு இஸ்மாயிலும் மச்சான்மார். ஒரே தோணியின் நிழலில் இருந்து கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார்கள், ஆளுக்கொரு தவறான கண்ணாடியோடு. நான் சொல்லி முடித்ததும் இருவரும் கழற்றி, மாற்றிப் போட்டு, வலையைப் பார்த்தார்கள். "அதுதானே, கண்ணி எல்லாம் கோணலாத் தெரிஞ்சுது" என்றார் இளையவர். "கண்ணி கோணல் இல்ல, நீ பொத்தினதுதான் கோணல்" என்றார் மூத்தவர். பட்டப்பெயர் எழுதுவது மரியாதை இல்லை என்று நினைத்துவிட்டேன், மன்னியுங்கள் என்றேன். மூத்தவர் சிரித்தார்.

"இஸ்மாயில் எண்டு இந்த ஊரில கூப்பிட்டா பத்துப் பேர் திரும்புவாங்க மகள், பாரை எண்டா நான் ஒருத்தன்தான்."

ஞாயிறு இல்லாத வேதம்

கடைக்குத் திரும்பியதும் ஹாஜியார் கேட்டார். "குடுத்தாச்சா?"

"ஓம், ஹாஜியார்."

"பிறகேன் இன்னும் முகம் கறுத்து நிக்கிறாய்? வேற என்னமும் மாத்திக் குடுத்தியா?"

அப்போது எனக்கு ஒரு துணிவு வந்தது. துணிவு என்று சொல்வதும் சரியில்லை. ஒரு பாரத்தை இறக்கியவுடன் மற்றதைத் தூக்கிக்கொண்டு நிற்கச் சக்தி இருக்கவில்லை. ஆறு மாதம் முடிய இன்னும் மூன்று கிழமை இருந்தது. வேலை போனால் அப்பாவிடம் என்ன சொல்வது என்று யோசிப்பதற்கு முன் வாய் திறந்துவிட்டது. "ஹாஜியார், ஞாயிறு காலையில எங்களுக்கு ஆராதனை. நான் போக வேணும். சேரும்போதே சொல்லியிருக்க வேணும். பயத்தில சொல்லல்ல."

அவர் தன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "உங்களுக்கும் ஞாயிறா?"

"ஓம்."

"மத்த வேதக்காரரப் போலத்தானா?"

"ஓம், ஹாஜியார்."

அவர் பின் அறைப் பக்கம் திரும்பினார். "ரிஸ்வான், கேட்டியாடா? இவங்களுக்கும் ஞாயிறுதானாம்." லென்ஸ் வெட்டும் மெஷின் நின்றது. ரிஸ்வான் காக்கா வெளியே வந்து என்னை ஒரு புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "நாங்க வேற மாதிரியெல்லோ நினைச்சிருந்தம்" என்றார்.

"என்ன நினைச்சீங்க?" என்று கேட்டேன்.

"அஞ்சு மாசத்துக்கு மேலாச்சு, ஒரு ஞாயிறும் நீ லீவு கேக்கல்ல" என்றார் ஹாஜியார். "லூத்தரன் எண்டா ஞாயிறு இல்லாத வேதமாக்கும் எண்டு நான் நினைச்சிட்டன். பள்ளியில ஆக்கள் விசாரிச்சாங்க, அப்படித்தான் சொல்லியும் போட்டன்."

கவுண்டருக்கு வந்த ஒவ்வொருவருக்கும் என் சபையை வரி வரியாக விளக்கியவள் நான். அதே நேரம் ஊரில் எங்கள் பன்னிரண்டு குடும்பத்தைப் பற்றியும் இப்படி ஒரு கதை, என்னைப் பார்த்தே, பரவியிருக்கிறது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது, சிரிப்பு முந்திக்கொண்டது. நான் சிரித்ததும் ரிஸ்வான் காக்காவும் தொடங்கிவிட்டார். அவரால் கொஞ்ச நேரம் வேலை செய்ய முடியவில்லை.

ஹாஜியார் மட்டும் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு நான் கடையப் பூட்டுறன். அதுக்கு நான் ஆருக்கும் பயப்படுறல்ல. நீ ஏன் பயப்பட்டாய்?" என்று கேட்டார். பிறகு, கடையில் டைப் பண்ணத் தெரிந்த ஒரே ஆள் நான் என்பதால், என்னை நிரந்தரமாக்கும் கடிதத்தை என்னையே டைப் பண்ணச் சொன்னார். ஞாயிறு வேலை தொடங்கும் நேரம் பதினொரு மணி என்று போடச் சொன்னார். மூன்று தரம் பிழை வந்தது. நான்காம் முறை சரியாக வந்ததை வாங்கி, கையெழுத்துப் போட்டுவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு அஸர் தொழுகைக்கு எழும்பினார். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். "உன்னால எனக்கு வந்த வேலையப் பாரு, இப்ப பள்ளியில போய் நாலு பேரிட்ட உங்கட மார்க்கத்தத் திருத்திச் சொல்லோணும்."

அடுத்த ஞாயிறு நான் வேதபாடம் வாசித்தேன். பதினொரு மணிக்குக் கடைக்குள் நுழையும்போது, வரிசையில் இருந்த ஒரு அம்மாவிடம் ரிஸ்வான் காக்கா, "அந்தப் புள்ள ஞாயிறெண்டா சேர்ச் முடிஞ்சுதான் வரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐந்து மாதம் நான் நின்று விளக்கியும் யாருக்கும் விளங்காத எங்கள் சபையை, ஞாயிறு காலைகளில் கவுண்டருக்குப் பின்னால் வெறுமையாகக் கிடக்கும் என் கதிரை இப்போது இரண்டு மணித்தியாலத்தில் விளங்கப்படுத்திவிடுகிறது.